நாவல்மடுவில் முதலை இல்லை

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காட்டில் எதற்குப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். ஊரில் எதற்கு இருக்கிறதோ அதற்குத்தான். சிங்கம் ஏதோ ஒரு விழாவில் வாய் தவறி அறிவித்துவிட்டது. அறிவித்ததை வாபஸ் வாங்க ஒரு படிவம் வேண்டியிருந்தது. படிவம் அச்சடிக்க ஓர் அலுவலகம் வேண்டியிருந்தது. அலுவலகத்துக்குக் கட்டடம் எழுப்பினார்கள். அப்புறம் இவ்வளவு பெரிய கட்டடம் சும்மா கிடக்கிறதே என்று மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். இதை எனக்கு யார் சொன்னது என்றும் கேட்காதீர்கள். அடிக்குறிப்பு போட்டுக் கதை சொல்கிற பொறுமை எனக்குக் கிடையாது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் வேம்பு என்றொரு கீரி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சேர்ந்து ஆறு மழைக்காலம் போய்விட்டது. ஏழாவது மழைக்காலத்தின் முதல் துளி மண்ணில் விழுவதற்குள் வைவா என்னும் வாய்மொழித் தேர்வு முடிந்து தேர்வாளரின் கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் பதிவு ரத்து, விடுதியில் கொடுத்த பொந்து ரத்து, பட்ட பாடு மொத்தமும் ரத்து. ஊரில் கீரிச் சனம் அவளை இப்போதே டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. பாம்புக்கடிக்கு மருந்து கேட்டுக்கூட ஆள் அனுப்பினார்கள். அவளுடைய அம்மா எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "பொண்ணு இன்னும் முடிக்கலையா?" என்ற கேள்வியைக் காதில் வாங்கி வாங்கி, கடைசியில் கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டாள். பட்டம் இல்லாமல் ஊர் திரும்புவதைவிடக் கழுகின் வாயில் போய் விழலாம் என்று வேம்பு நினைத்தாள். பாவம், நிஜமாகவே நினைத்தாள்.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் சிகாமணி ஒரு மயில். அவருடைய தோகை அறை முழுக்கப் பரவிக் கிடக்கும் என்பதால் வேறு யாரும் உள்ளே உட்கார முடியாது. மாணவர்கள் வாசலில் நின்றுதான் பேசிவிட்டுப் போக வேண்டும். சிகாமணி சாருக்குக் கெட்ட மனசெல்லாம் இல்லை. படிப்பதற்குத்தான் நேரம் இல்லை. வேம்பு கொண்டுபோகும் ஒவ்வோர் இயலையும் அலகில் தூக்கி எடை பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா புதுசா என்ன சொல்றே?" என்று கேட்டுக் கீழே வைத்துவிடுவார். ஆறு வருஷமும் இதே கேள்வி. புதிதாக எதைச் சொன்னால் தேவலை என்று அவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

அவள் எடுத்துக்கொண்ட பொருள் நாவல்மடு முதலை. பல்கலைக்கழக வாசலிலிருந்து நூறு தப்படியில் நாவல் மரங்கள் சூழ்ந்து ஒரு மடு கிடந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் அதில் தண்ணீர் வற்றாது. ஆனால் ஓர் உயிர் அங்கே வாய் வைக்காது. மடுவில் முதலை இருக்கிறது என்று நாற்பத்திரண்டு ஆய்வேடுகள் சொல்லியிருந்தன. ஆகவே மொத்தக் காடும் அரைநாள் நடந்து ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அரைநாள் நடந்து திரும்பி வரும்போது மறுபடி தாகத்தோடு வந்து சேரும். நாற்பத்திரண்டு பேர் முதலையின் நீளம், முதலையின் மனநிலை, முதலையும் பின்நவீனத்துவமும் என்று எழுதிப் பட்டம் வாங்கிவிட்டார்கள். வாலுக்கு மட்டுமே மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். வேம்பு பங்குக்கு முதலையில் ஒரு செதில்கூட மிச்சமில்லை.

இந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. முதுநிலை ஆய்வாளர்கள் அனைவரும் தகவல் தேடல் திறன் மேம்பாட்டுப் பயிலரங்கில் மூன்று நாள் கலந்துகொள்ள வேண்டும், அந்தச் சான்றிதழ் இல்லாத ஆய்வேட்டை வாங்க மாட்டோம் என்று. ஆய்வாளர்கள் தலையில் அடித்துக்கொண்டு வந்தார்கள். மான்கள் கையெழுத்துப் போட்டதும் ஓடிவிட்டன. காட்டெருமை மூன்று நாளைக்குமான கையெழுத்தை முதல் நாளே போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் தவறாமல் வந்து போனது. வேம்புவும் சான்றிதழுக்குத்தான் போனாள். ஆனால் போன நேரம் முன்வரிசையில் மாட்டிக்கொண்டாள். நடுவில் எழுந்து போக வெட்கமாக இருந்தது. கல்வி பலருக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது.

பயிலரங்கை நடத்தியவர் நூலகர் லூர்தம்மாள். அவர் வௌவால். நூலகக் குகையின் கூரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டேதான் பாடம் நடத்துவார். எந்த ஆய்வேட்டையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது அவர் வழக்கம். கேட்டால், முன்பக்கத்தில் அவரவர் பெருமை இருக்கும், கடைசிப் பக்கத்தில்தான் அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று இருக்கும் என்பார்.

முதல் நாள் மைனாக்களிடம் தேடுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். அந்தக் காட்டில் யாருக்கு எது தெரிய வேண்டுமென்றாலும் மைனாக்கூட்டத்தைப் பார்த்து ஒரு சொல்லைக் கத்துவார்கள். உடனே நாலாயிரம் மைனாக்கள் ஒரே நேரத்தில் பதில் கத்தும். எது முதலில் காதில் விழுகிறதோ அதை எல்லோரும் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். லூர்தம்மாள் அதைத்தான் முதலில் கண்டித்தார். முதலில் கேட்கிற குரல் பக்கத்துக் கிளையில் இருக்கிற மைனாவின் குரல், அவ்வளவுதான், அதற்கு விஷயம் தெரியும் என்று எவன் சொன்னான் என்றார். "முதலை" என்று மட்டும் கத்தாமல் "முதலை, நாவல்மடு, கண்ணால் பார்த்தவர்" என்று சேர்த்துக் கத்திப் பார்க்கச் சொன்னார். வேம்பு கத்தினாள். நாலாயிரம் மைனாக்களும் கப்சிப் என்றாகிவிட்டன. வேம்பு அந்த அமைதியையும் குறித்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் அடிக்குறிப்பு. லூர்தம்மாள் சொன்னது சின்ன விஷயம்தான். ஒரு வரியைப் படித்தால் இதை யார் சொன்னது என்று கேள். அவருக்கு யார் சொன்னது என்று கேள். கேட்க ஆள் தீர்ந்துபோகும் வரைக்கும் கேட்டுக்கொண்டே போ. கூட்டத்தில் பாதி தூங்கிவிட்டது. வேம்புவுக்கு மட்டும் மயிர் சிலிர்த்தது. பாம்பு பொந்துக்குள் போனால் கீரியும் பொந்துக்குள் போகும், வால் நுனி பல்லில் சிக்கும் வரை விடாது. அது அவள் ரத்தத்தில் ஊறிய வித்தை. இத்தனை நாள் அந்த வித்தையைப் படிப்பில் காட்டலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சான்றிதழை வாங்கிக்கொண்டு மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். வேம்பு குகையிலேயே தங்கி, தன் ஆய்வேட்டின் முதல் வரியை எடுத்து வைத்துக்கொண்டாள். "நாவல்மடுவில் முதலை உண்டு என்பது அறிஞர் முடிவு." அதற்கு அவளே போட்ட அடிக்குறிப்பு ஓர் உடும்பின் ஆய்வேட்டைக் காட்டியது. உடும்பின் ஆய்வேட்டை இழுத்தாள். அது ஒரு கரடியின் ஆய்வேட்டைக் காட்டியது. கரடி ஒரு முள்ளம்பன்றியைக் கைகாட்டியது. முள்ளம்பன்றி, அதற்கு முந்தைய பக்கத்தில் பார்க்க என்று எழுதியிருந்தது. முந்தைய பக்கத்தைக் கரையான் அரித்திருந்தது. வேம்பு விடவில்லை. சாப்பாடு, குளியல் எதுவும் ஞாபகம் இல்லை. பொந்துக்குப் பொந்து நுழைகிற மாதிரி ஆய்வேட்டுக்கு ஆய்வேடு நுழைந்து பத்து நாளில் நாற்பத்தோரு ஆய்வேட்டைக் கடந்துவிட்டாள். ஒருவர்கூட மடுவை எட்டிப் பார்க்கவில்லை. எல்லோரும் முன்னால் எழுதியவரைப் பார்த்து எழுதியிருந்தார்கள். கரையான்கூட அந்தப் பக்கத்தை அவர்களைவிட ஆழமாகப் பார்த்திருந்தது.

நாற்பத்திரண்டாவதாக வந்த ஆய்வேடுதான் எல்லாவற்றுக்கும் மூலம். எழுதியவர் பேராசிரியர் சிகாமணி. வேம்பு அவசர அவசரமாகப் பக்கத்தைப் புரட்டி அடிக்குறிப்பைத் தேடினாள். "கொக்கு ஏகாம்பரம், நேர்ப்பேச்சு" என்று ஒரே ஒரு வரி இருந்தது.

ஏகாம்பரம் உயிரோடுதான் இருந்தார். வேம்பு மறுநாளே அவர் கூடு கட்டியிருந்த புளிய மரத்தடிக்குப் போய், வணக்கம் சொல்லி, வந்த விஷயத்தைச் சொன்னாள். கொக்கு முதலில் ஞாபகம் இல்லை என்றார். அப்புறம் வயசாகிவிட்டது என்றார். வேம்பு நகர்கிற வழியாக இல்லை. கடைசியில் கொக்கு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னார்.

"அந்தக் காலத்துல கண்டவனும் மடுவுல வந்து குளிச்சுக் கலக்கிட்டுப் போனான். ஒரு மீனு தங்கல. அப்போ உங்க சார் சின்னப் பையன், நோட்டோட வந்து நின்னு மடுவுல என்ன இருக்குன்னு கேட்டார். முதலை இருக்குன்னு சொன்னேன். நான் முதலையப் பாத்ததே கிடையாதும்மா. எதைச் சொன்னாலும் எழுதிக்கிட்டாரு, நான் என்ன பண்றது?"

வேம்பு அதை எழுத்தில் வாங்கி, கொக்கின் கால்தடம் வைத்து, தேதி போட்டுக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. ஆறு வருஷத்தில் முதல்முறையாகப் புதிதாகச் சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது. நாவல்மடுவில் முதலை இல்லை. நாற்பத்திரண்டு டாக்டர்களும் காற்றைப் பிடித்து அளந்திருக்கிறார்கள். மொத்தக் காடும் ஒரு கொக்கின் மீனுக்காகத் தினமும் முழுநாள் நடந்திருக்கிறது.

நேரே லூர்தம்மாளிடம் ஓடிப்போய் மூச்சு வாங்கச் சொன்னாள். லூர்தம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருஷப் பயிலரங்கில் பாடத்தைக் காதில் வாங்கியது இவள் ஒருத்திதான் என்று மெய்யாகவே கண் கலங்கினார். பிறகு சாதாரணமாக ஒன்று கேட்டார்.

"மடுவுக்குப் போய்ப் பாத்தியாம்மா?"

"எப்படிக்கா போறது, அங்கதான் முதலை இருக்குமே" என்றாள் வேம்பு.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பழக்கதோஷம் என்று சமாளித்தாள். லூர்தம்மாள் சிரிக்கவில்லை. கொக்கு பொய் சொன்னது என்றால் கொக்கு பொய் சொன்னது என்றுதான் அர்த்தம், தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம், ஒரு நடை போய்ப் பார்த்துவிடு என்று தன்மையாகச் சொன்னார். வேம்பு சரி என்றாள். போக வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. பன்னிரண்டு அலுவலகத்தில் பன்னிரண்டு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அதில் ஆமை இருந்த அலுவலகம் மட்டுமே நான்கு நாளை விழுங்கியது. மடு எங்கேயும் ஓடிவிடாது, மழை அப்படி இல்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். இந்தக் கதையில் அவள் செய்த தப்பு இதுதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தேர்வில் வரும்.

சிகாமணி சாரிடம் விஷயத்தைச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. உங்கள் ஆராய்ச்சி பொய் என்று வழிகாட்டியிடம் எந்த வாயால் சொல்வது? வாசலில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, கொக்கின் வாக்குமூலத்தை நீட்டினாள். சார் படித்தார். அவர் எதையாவது முழுக்கப் படித்து வேம்பு பார்ப்பது அதுதான் முதல்முறை. கழுத்தின் நீலம் வெளிறிப்போய்விட்டது. நம் கதை முடிந்தது, பொந்தைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று வேம்பு நினைத்தாள்.

பிறகு சார் மெதுவாகத் தோகையைச் சிலுப்பினார். யோசித்துப் பார்த்தால், முதலை இருப்பதைக் கண்டுபிடித்ததும் நான்தான், இல்லை என்று கண்டுபிடிக்கப்போவதும் நான்தான் என்றார். ஒரே மடுவில் இரண்டு கண்டுபிடிப்பு செய்தவர் அந்தக் காட்டின் வரலாற்றிலேயே கிடையாது என்றும் சொன்னார். ஆய்விதழுக்குக் கட்டுரை அன்றே போனது. கட்டுரையில் பெயர் "சிகாமணி மற்றும் வேம்பு" என்று வந்தது. எழுதியது முழுக்க அவள். ஆனால் வழிகாட்டியின் பெயர் முன்னால் வருவது அங்கே வழக்கம். மாணவரின் பெயர் வருவதே சில துறைகளில் அதிசயம்.

ஆய்வேட்டுக்கு இத்தனை நாள் தலைப்பு முடிவாகவில்லை. இப்போது கமிட்டி கூடி, "நாவல்மடுவில் முதலை இல்லை: ஓர் ஆய்வு" என்று தலைப்பைப் பதிவு செய்து, அரக்கு வைத்து முத்திரை குத்தியது. முத்திரை விழுந்த தலைப்பை மாற்றுவதானால் மறுபடி கமிட்டி கூட வேண்டும். கமிட்டி கூட இரண்டு வருஷம் ஆகும். அதற்கப்புறம் திருட்டெழுத்துச் சோதனை. அதற்கென்று ஒரு கிளி இருந்தது. ஆய்வேட்டை வரிவரியாகப் படித்துக் காட்டினால், முன்பே கேட்ட வரி வந்ததும் அது அலறும். மற்ற ஆய்வேடுகளுக்குத் தொண்டை கிழிய அலறிய கிளி வேம்புவின் ஆய்வேட்டுக்கு ஒரே ஒருமுறைதான் அலறியது. அது நன்றியுரையில், "என் மதிப்பிற்குரிய வழிகாட்டி" என்ற இடத்தில்.

வைவாவை மடுக்கரையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னது சிகாமணி சார். காடே பார்க்கட்டும், அங்கேயே தண்ணீர் குடித்துக் காட்டிவிடலாம் என்றார். மடுவைத் தான் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை என்பது வேம்புவுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் வானம் கறுத்துக்கொண்டே வந்தது, அவள் தலையாட்டிவிட்டாள். தேர்வாளராகப் பக்கத்து மலைப் பல்கலைக்கழகத்திலிருந்து முனைவர் குழந்தைசாமி வந்தார். அவர் வரையாடு. பள்ளம் என்றாலே பிடிக்காதவர் ஆதலால் கரையோரம் இருந்த உயரமான பாறையின் உச்சியில் ஏறி நின்றுகொண்டார். வைவா அன்று தேர்வாளருக்கும் கூட்டத்துக்கும் மாணவர்தான் விருந்து வைக்க வேண்டும். வேம்பு முந்தின நாள் முழுக்க நாவல்பழமும் கிழங்கும் பொறுக்கிக் குவித்திருந்தாள். காட்டில் நடக்கத் தெரிந்த எல்லா உயிரும் வந்துவிட்டது. ஆராய்ச்சிமேல் ஆசையா, தண்ணீர்மேல் ஆசையா, சாப்பாட்டின்மேல் ஆசையா என்று நான் பிரித்துச் சொல்ல மாட்டேன்.

வேம்பு நன்றாகப் பேசினாள். மைனாக்கள் வாயடைத்ததைச் சொன்னாள், உடும்பு, கரடி, முள்ளம்பன்றி என்று படிப்படியாகப் போய்க் கொக்கில் கொண்டுவந்து நிறுத்தினாள். கூட்டம் ஆஹா என்றது. குழந்தைசாமி பாறைமேலிருந்து மூன்றுமுறை தலையசைத்தார். இனி செய்முறை விளக்கம்தான் பாக்கி. வேம்பு தண்ணீரை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

சிகாமணி சார் இருமினார். "இரும்மா. கட்டுரையில யார் பேர் முன்னாடி இருக்கு?"

உங்க பேர்தான் சார் என்று வேம்பு ஒதுங்கிக்கொண்டாள். முதல் மிடறு முதல் பெயருக்கு உரியது என்று சார் சபைக்கு விளக்கினார். நேராகப் போய்க் குடித்திருக்கலாம். ஆனால் இவ்வளவு கூட்டத்தைப் பார்த்த பிறகு எந்தப் பேராசிரியரால் பேசாமல் இருக்க முடியும்? கரையின் விளிம்பில் நின்று, சபையைப் பார்த்துத் திரும்பி, மடுவுக்கு முதுகைக் காட்டி, தோகையை நீருக்குள் நீளமாக விட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஆய்வுலகில் தன்னுடைய முப்பது ஆண்டுப் பயணம் என்று தொடங்கினார். எட்டாவது ஆண்டுக்கு வந்தபோது மடு பிளந்தது.

முதலையின் வாய் ஒருமுறை திறந்து ஒருமுறை மூடியது. சார் இருந்த இடத்தில் சத்தம் மட்டும்தான் இருந்தது. அவர் நாவல் மரத்தின் உச்சாணிக் கிளையில், தோகையே இல்லாமல், கோழி போலக் குறுகி உட்கார்ந்திருந்தார். உயிர் போகவில்லை. கூட்டம் சிதறி ஓடி, எட்டாத தூரத்தில் நின்று, சாப்பாடு ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தது. வேம்பு மட்டும் ஓடவில்லை.

முதலை யாரையும் துரத்தவில்லை. வாயெல்லாம் இறகாக இருந்தது. நிதானமாகத் துப்பிவிட்டு, பாறையை அண்ணாந்து பார்த்து, வைவாவில் பொதுமக்களும் கேள்வி கேட்கலாம் இல்லையா என்று விசாரித்தது. விதிப்படி கேட்கலாம் என்றார் குழந்தைசாமி. அவர் இருந்த உயரத்தில் அவருக்கு விதி நன்றாக ஞாபகம் இருந்தது.

முதலை வேம்புவின் பக்கம் திரும்பியது. "ஆளு வராம மடு சும்மா கெடந்துச்சுன்னுதான் நான் இங்க குடி வந்தேன். நாப்பத்திரண்டு பேர் என்னப் பத்தி எழுதி டாக்டர் ஆயிட்டாங்க. அந்தக் கொக்கு இத்தனை வருஷமா எம் முதுகுல நின்னுதான் மீன் பிடிக்குது, பாறைன்னு நெனச்சுக்கிட்டு. நீ மைனாவக் கேட்ட, உடும்பக் கேட்ட, கொக்க வீடு தேடிப் போய்க் கேட்ட. நூறு தப்படியில இருக்கற என்ன ஏம்மா கேக்கல?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்ட குரல். அதுதான் வேம்புவை உடைத்துவிட்டது. மளமளவென்று கண்ணீர் வந்தது. லூர்தக்கா சொல்லியும் போகவில்லை, அவசரத்தில் விட்டுவிட்டேன், என்மேல்தான் தப்பு என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டாள். சார் மட்டும் முந்தியிருக்காவிட்டால் இந்தக் காடே அல்லவா என் பேச்சை நம்பி மடுவில் இறங்கியிருக்கும் என்றும் சொல்லி அழுதாள். ஆறு வருஷம் போச்சு என்று தோன்றியது. அம்மாவின் முகம் தோன்றியது.

குழந்தைசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். தேடல் முறை சிறப்பு. நூற்பட்டியல் சிறப்பு. பக்க ஓரங்கள் விதித்த அளவில் இருக்கின்றன. முடிவு ஒன்றுதான் தவறு. அது சிறு திருத்தம் என்ற பிரிவில் வரும், பட்டத்துக்குத் தடையில்லை.

வேம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஐயா, தலைப்பே முதலை இல்லைன்னு இருக்கே. அதையும் மாத்தணுமே?"

தலைப்பில் கை வைத்தால் கமிட்டி, கமிட்டி என்றால் இரண்டு வருஷம், உன் பதிவோ இந்த மழையோடு சரி என்றார் குழந்தைசாமி. உள்ளே எங்காவது ஓர் அடிக்குறிப்பில் உண்மையை எழுதிவிடு, ஆராய்ச்சிக்கு நேர்மை செய்த மாதிரியும் ஆகும் என்று வழியும் காட்டினார். எழுதுகோல் அவர் காலில் தயாராக இருந்தது. தலைக்குமேல் மேகம் உறுமியது. வேம்பு முதலையைப் பார்த்தாள். உன்னைப் பற்றிய விஷயம், நீயாவது வேண்டாம் என்று சொல்லேன் என்கிற மாதிரி பார்த்தாள்.

முதலை கொஞ்ச நேரம் யோசித்தது. கூட்டத்தில் தாகத்தோடு நின்ற மான்களை ஒருமுறை பார்த்தது. பிறகு முகமெல்லாம் மலர, "தலைப்பு அப்படியே இருக்கட்டும்மா. எனக்கு ஆட்சேபனை இல்ல" என்றது.

வேம்பு கையெழுத்துப் போட்டாள். குழந்தைசாமியும் போட்டார். மை காய்ந்ததும் முதல் துளி விழுந்தது. அந்த வாரம் ஊரில் கீரிச் சனம் பந்தல் போட்டு மாலை போட்டது. அம்மா வெகு நாள் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவள் சந்தோஷத்தைப் பார்த்து வேம்பு முதலைப் பேச்சையே எடுக்கவில்லை. யாராவது வாழ்த்தினால் மட்டும், 214ஆம் பக்கத்தைப் பாருங்கள் என்று சொல்லத் தொடங்கி, அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொள்வாள்.

ஆய்வேடு நூலகக் குகையில் நாற்பத்துமூன்றாவதாக அடுக்கப்பட்டது. அட்டையில் பெரிய எழுத்தில் "நாவல்மடுவில் முதலை இல்லை." 214ஆம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், "இருக்கிறது." ஆண்டுதோறும் புது ஆய்வாளர்கள் வந்தார்கள். அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். எழுதிய களைப்பில் தாகம் எடுக்க, நூறு தப்படி நடந்து மடுவுக்குப் போனார்கள். லூர்தம்மாள் கூரையிலிருந்து 214, 214 என்று கத்திக்கொண்டே இருந்தார். கிழவிக்கு ஏதோ எண் பைத்தியம் என்று போய்விட்டார்கள். பாதிப்பேர் திரும்பி வரவில்லை. அவர்கள் படிப்பை இடையில் நிறுத்திவிட்டதாக அலுவலகம் பதிவேட்டில் எழுதிக்கொண்டது. திரும்பி வந்த மீதிப்பேர் தங்கள் ஆய்வேட்டில் டாக்டர் வேம்புவை மேற்கோள் காட்டினார்கள். அந்தக் காட்டிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட அறிஞர் என்று அவளுக்கு விருது கொடுத்தபோது, மேடையில் அவள் அழுததை எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நீதி: உண்மையை எழுதியே தீர வேண்டுமென்றால் அடிக்குறிப்பில் எழுது, பட்டமும் கிடைக்கும், முதலையும் பட்டினி கிடக்காது.